பிள்ளையின் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

(விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் துப்பாக்கியைக் கையால் தொட்டதே இல்லை என்று வாசலில் பேசும்போதே தெரிந்துகொண்டேன். அதில் வியப்பில்லை. நம் நாட்டில் 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை என்றால் செய்தித்தாளில் வருகிற கைதுச் செய்திதான். இந்த ஊரில் நிலைமை வேறு. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், வடக்குப் பக்கம் போனால் பெட்ரோல் பங்க் முதல் சர்ச் வாசல் வரை ஆரஞ்சு உடுப்பாகத்தான் இருக்கும். உங்கள் பிள்ளைகளோடு படிக்கிறவர்கள் தாத்தாவோடும் மாமாவோடும் காட்டுக்குப் போகிறார்கள், திரும்பி வந்து வாரக்கணக்கில் அதையே பேசுகிறார்கள். அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டில் அந்தக் கேள்வி வருகிறது: “அப்பா, நானும் போகட்டுமா?”

போகலாமா வேண்டாமா என்பது உங்கள் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. நான் அதற்குள் நுழையவில்லை. போகட்டும் என்று முடிவு செய்த பெற்றோர் அடுத்து கேட்கிற கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தன்னார்வப் பயிற்றுநராக நிற்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது: “எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? எந்தக் கேலிபர்?”

கேட்கிறவர்கள் எல்லோரும் மானை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய மிருகத்தைச் சாய்க்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது அவர்கள் கவலை. நீங்கள் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் துப்பாக்கியைக் கண்டு பிள்ளை பயப்படக் கூடாது. பயப்படாத பிள்ளை குறி வைத்த இடத்தில் சுடும். அந்த இடத்தில் பட்டுவிட்டால் நடுத்தரமான எந்த மான் தோட்டாவும் போதும். நுரையீரல் இரண்டும் துளைபட்ட மான் சில நொடிகளில் விழுந்துவிடும். பயந்த பிள்ளை சுட்ட குண்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மானின் வயிற்றிலோ தொடையிலோ படும். அந்த மான் புதருக்குள் போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஓர் உயிரை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், அதை வதைக்காமல் எடுப்பது நம் கடமை. நான் சொல்லப்போகிற அளவுகள், எடைகள் எல்லாமே இந்தக் கடமையிலிருந்து வருபவை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இந்த மாநிலத்தில் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர் ஒரு வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டி கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். 2017-இல் இதற்கான குறைந்தபட்ச வயதையே எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டாலும், பத்து வயது ஆகாத பிள்ளையை மானைச் சுட அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கென்றே அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு தனி வேட்டை உண்டு. குளிர் குறைவு, கூட்டம் குறைவு. முதல் தடவைக்கு அதுதான் நல்லது.

நம்மவர்களுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு விஷயமும் இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பிள்ளை இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகனாக இருக்கலாம், துப்பாக்கி வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் நீங்கள்தானே. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியை முதலில் வாங்குங்கள், துப்பாக்கியை அப்புறம் வாங்கலாம். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில் இருக்கட்டும். வீட்டில் தம்பி தங்கை இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இனி உதை. குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கிறது. இந்த இடியை இங்கே அடி-பவுண்டில் அளக்கிறார்கள். ஏழரைப் பவுண்டு எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக்கொண்டால், .243 வின்செஸ்டர் ஏறத்தாழ 9 அடி-பவுண்டு உதைக்கும். 6.5 கிரீட்மோரும் 7எம்எம்-08 ரெமிங்டனும் 12 பக்கம் வரும். .308 வின்செஸ்டர் 16 வாக்கில். இந்த நாட்டுத் தாத்தாக்களின் செல்லமான .30-06 இருபதை நெருங்கும். மேக்னம் என்று பெயர் போட்டவற்றில் பல இருபத்தைந்தைத் தாண்டும். பழக்கப்பட்ட பெரியவர் இருபதைத் தாங்குவார். எண்பது, தொண்ணூறு பவுண்டு எடையுள்ள பிள்ளைக்குப் பன்னிரண்டே மேல் எல்லை என்பது என் கணிப்பு. பத்துக்குள் இருந்தால் இன்னும் நிம்மதி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளைக்குக் கனமாக இருக்கக் கூடாது என்று எண்ணி இருப்பதிலேயே இலேசான துப்பாக்கியைத் தேடுகிறோம். அதே தோட்டாவுக்கு, துப்பாக்கி இலேசாக ஆக உதை கூடும். ஏழரைப் பவுண்டை ஆறு பவுண்டாகக் குறைத்தால் உதை கால் பங்கு ஏறிவிடும். கடையில் பிள்ளையின் கையில் பாந்தமாக உட்கார்ந்த அந்தச் சின்னத் துப்பாக்கி, சுடும் களத்தில் அப்பாவின் துப்பாக்கியை விட மோசமாக இடிக்கும். பிள்ளை மானுக்காகக் காத்திருக்கிற மரமேடையில் துப்பாக்கி கம்பியின்மேலோ தாங்கிக்கோலின்மேலோதான் கிடக்கும். நாள் முழுக்கத் தோளில் சுமந்து திரியப்போவதில்லை. அதனால் அரைப் பவுண்டு கூடுதலாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது உங்களுக்கு உதவிதான்.

உதை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். ஒரு கோடைக்காலச் சனிக்கிழமை, ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணை அவள் அப்பா களத்துக்கு அழைத்து வந்தார். அக்கம்பக்கத்தவர் அன்போடு இரவல் கொடுத்த .30-06. ஒவ்வொரு வேட்டுக்கும் குண்டு இலக்குக்குக் கீழே மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஸ்கோப் கோணலாக இருக்கிறது என்று அப்பா நினைத்தார். நான் தோட்டாவை வாங்கி நானே போட்டுக் கொடுத்தேன். “இடையிடையே வெற்றுத் தோட்டா வரும் பாப்பா, எது என்று சொல்ல மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வெற்றுத் தோட்டா உள்ளே இருந்தபோது அவள் விசையை இழுத்தாள். சத்தமில்லை. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தது, வலது தோள் முன்னால் துள்ளியது, இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்தார். அவள் முகம் சிவந்துவிட்டது. “உன்மேல் தப்பில்லைம்மா, இது உடம்பு தானாகச் செய்கிற வேலை. அடி விழப்போகிறது என்று தெரிந்தால் எந்த உடம்பும் ஒடுங்கத்தான் செய்யும்” என்று சொன்னேன். அன்று அந்தத் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு .22 ரிம்ஃபயரை எடுத்தோம். குறைந்த சத்தமும் உதையே தெரியாத சுடுதலும். அரை மணியில் குழல் ஆடாமல் நின்றது. இந்த ஒடுக்கம் ஒருமுறை பழகிவிட்டால் போக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சில பெரியவர்களுக்குக் கடைசிவரை போவதில்லை. வராமல் பார்த்துக்கொள்வதுதான் எளிது.

உதை அளவுக்குச் சத்தமும் பிள்ளையை மிரட்டும். மான் துப்பாக்கியின் வேட்டு 150 டெசிபெலுக்கு மேல். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் மூடி, இரண்டும் போடுங்கள். காட்டிலும் போடுங்கள். மெல்லிய ஒலிகளைக் கேட்க விட்டு வேட்டுச் சத்தத்தை மட்டும் அடைக்கிற மின்னணு மூடிகள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. குழல் முனையில் மசில் பிரேக் பூட்டினால் உதை குறையும் என்று கடைக்காரர் சொல்வார். குறையும், உண்மைதான். ஆனால் புகையும் சத்தமும் பக்கவாட்டில் திரும்பி, பிள்ளையின் காதையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்கள் காதையும் அறையும். முதல் துப்பாக்கிக்கு அது வேண்டாம்.

இனி தோட்டாக்களுக்கு வருகிறேன். கேலிபர் என்பது குழலின் விட்டம், அங்குலத்தின் பங்காக. .243 என்றால் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், .308 என்றால் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழ். விட்டத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. குண்டின் எடை என்ன, எந்த வேகத்தில் போகிறது, உள்ளே போய் எப்படி விரிகிறது, இவைதான் கணக்கு. குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். நூறு கிரெயின் ஆறரை கிராம்.

விஸ்கான்சினில் .22 அங்குல விட்டமும் சென்டர்ஃபயருமாக (தோட்டாவின் அடியில் நடுவே தட்டி வெடிக்கும் வகை) இருந்தால் மானைச் சுடலாம் என்கிறது சட்டம். அதாவது .223 ரெமிங்டன் இங்கே செல்லும். உதை மூன்று, நான்கு அடி-பவுண்டுதான், தோட்டாவும் மலிவு. அதனால் நிறையப் பேர் பிள்ளைக்கு இதையே கொடுக்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன். கடையில் குவிந்திருக்கிற .223 தோட்டாக்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று முழு உறையிட்ட குண்டு. அதை மானுக்குப் பயன்படுத்துவதே சட்டவிரோதம். மற்றது நரி, அணில் வகைகளுக்கான மெல்லிய குண்டு. மானின் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடும், நுரையீரலுக்குப் போய்ச் சேராது. மானுக்கென்றே செய்த குண்டைத் தேடி வாங்கி, தோளுக்குச் சரியாகப் பின்னால் சுடத் தெரிந்த ஆள் அதைக் கொண்டு மானைச் சுத்தமாக வீழ்த்துவார். பிள்ளையிடம் அந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கொலராடோ மாநிலச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: விட்டம் .24-க்குக் குறையக் கூடாது, மானுக்கான குண்டு 70 கிரெயினுக்குக் குறையக் கூடாது, நூறு கஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். நாம் கொலராடோவில் இல்லை. ஆனாலும் இந்த அளவுகோலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அந்த அளவுகோலின் முதல் படியில் நிற்பது .243 வின்செஸ்டர். 1952-இல் வந்த .308 தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி 1955-இல் இதைக் கொண்டுவந்தார்கள். நூறு கிரெயின் குண்டு நொடிக்கு 2,960 அடி வேகத்தில் கிளம்பும். அமெரிக்காவில் அதிகமான பிள்ளைகளின் முதல் மான் இதற்குத்தான் விழுந்திருக்கும் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். இதையே எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இது கைதேர்ந்தவரின் தோட்டா, பிழை பொறுக்காது என்பது அவர்கள் வாதம். குண்டு சிறியது, காயம் சிறியது, வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் இரத்தத் தடம் குறைவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் .308 எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற பிள்ளையை விட, .243 எடுத்துக் கண்ணைத் திறந்து சுடுகிற பிள்ளைக்குப் பிழை குறைவு. பத்து, பதினொரு வயதுக்கும், உடல் சிறுத்த பிள்ளைக்கும் நான் இதையே சொல்கிறேன். ஒரு நிபந்தனை உண்டு. குண்டு மானுக்கான உறுதியான குண்டாக இருக்க வேண்டும். இந்தக் கேலிபரில் 55, 58 கிரெயின் குண்டுகளும் விற்கிறார்கள். அவை மானுக்கானவை அல்ல. பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிவிட்டது, வளர்த்தியும் இருக்கிறது என்றால் என் தேர்வு 7எம்எம்-08 ரெமிங்டன். 1980-இல் வந்தது. இதுவும் .308 கூட்டின் கழுத்தை ஒடுக்கிச் செய்ததுதான். 140 கிரெயின் குண்டு, நொடிக்கு 2,860 அடி. உங்களில் ஜிம் கார்பெட்டின் புத்தகங்களைப் படித்தவர்கள் இருப்பீர்கள். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பி துப்பாக்கி. அந்த .275 என்பது 7×57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். 7எம்எம்-08-இன் குண்டும் அதே விட்டம், வேகமும் ஏறத்தாழ அதே. கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதே .275 தோட்டாவை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் யானைகளைச் சாய்த்தார். யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். இதைச் சொல்வது சின்னத் தோட்டாவால் யானையைச் சுடலாம் என்பதற்காக அல்ல. கார்பெட்டும் பெல்லும் பெரிய பெரிய துப்பாக்கிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், தோளை நோகடிக்காத நடுத்தரத் தோட்டாவை நம்பினார்கள் என்பதற்காக.

7எம்எம்-08-இல் இன்னொரு நன்மை, உதை குறைத்த தோட்டாக்கள் கடையில் கிடைப்பது. ரெமிங்டன் ‘மேனேஜ்டு ரீகாயில்’ என்ற பெயரிலும் ஹார்னடி ‘கஸ்டம் லைட்’ என்ற பெயரிலும் இவற்றைக் கொண்டுவந்தன. வேகம் குறைவு, உதையும் குறைவு, நூற்றைம்பது கஜத்துக்குள் மானுக்குப் போதுமான பலம். முதல் இரண்டு பருவம் இதைக் கொடுத்துவிட்டு, தோள் உரமேறியதும் முழுத் தோட்டாவுக்கு மாறலாம். துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை. ஒரே குறை, சின்ன ஊர்க் கடைகளில் 7எம்எம்-08 சில சமயம் கிடைக்காது. கோடையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அது ஒத்துவராது என்றால் 6.5 கிரீட்மோர் வாங்குங்கள். 2007-இல் இலக்குச் சுடும் போட்டிக்காக ஹார்னடி நிறுவனம் உருவாக்கிய தோட்டா. உதை ஏறத்தாழ அதே அளவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் பெயரைச் சுற்றித் தொலைதூரச் சுடுதல் என்கிற பேச்சு நிறைய இருக்கிறது. அந்தப் பேச்சு பிள்ளை காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓஹையோவிலும் மிச்சிகனின் தென்பகுதியிலும் அயோவாவிலும் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கெல்லாம் கழுத்து ஒடுங்காத நேர்க்கூட்டுத் தோட்டாக்களைத்தான் பொதுவாக அனுமதிக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு ஏற்றபடி வின்செஸ்டர் 2019-இல் கொண்டுவந்த .350 லெஜண்ட் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. உதை .243 பக்கம்தான், நூற்றைம்பது கஜம் வரை மானுக்குக் கவலையில்லை.

.30-30 பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள், ஏனென்றால் இந்த மாநிலத்தில் பாதி வீடுகளின் சுவரில் அது தொங்குகிறது. 1895 முதல் மான் சாய்த்துக்கொண்டிருக்கிற தோட்டா, பலத்தில் குறையில்லை. நான் தயங்குவது அந்த லீவர் துப்பாக்கியால். சுடாமல் திரும்பும்போது, உள்ளே தோட்டா இருக்க, விசையை இழுத்துக்கொண்டே சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல இறக்க வேண்டும். நவம்பர் குளிரில் விறைத்த சின்ன விரல் வழுக்கினால் வெடித்துவிடும். நான் பார்க்க விரும்பாத காட்சி அது. பிள்ளைக்குப் போல்ட் ஆக்‌ஷன் நல்லது. தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது போல்ட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிற பெரியவருக்கும் தெரியும்.

துப்பாக்கியின் அளவைப் பற்றி நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். வளருகிற பிள்ளை என்று தீபாவளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாகத் தைப்போமே, அதைத் துப்பாக்கியில் செய்யக் கூடாது. பின்கட்டையின் முனையிலிருந்து விசை வரை உள்ள நீளம் பெரியவர்களுக்கானதில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல். பிள்ளைகளுக்கு வேண்டியது பன்னிரண்டு, பன்னிரண்டரை. கடையிலேயே பார்த்துவிடலாம். துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் நீங்களே திறந்து பாருங்கள். பிள்ளையை முழங்கையை மடக்கச் சொல்லி, பின்கட்டையை மடக்கின பள்ளத்தில் வையுங்கள். முன்கை கட்டையோடு ஒட்டிக் கிடக்கும்போது ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி நீளம். நீளமான துப்பாக்கியைப் பிடிக்கப் பிள்ளை பின்னால் சாயும், தலையைக் கழுத்தோடு நீட்டும், கட்டை தோளை விட்டுக் கைச்சதைக்கு நகரும். உதை அங்கே விழுந்தால் கன்றிப்போகும். இதோடு ஜாக்கெட்டுக் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் சட்டையோடு பொருந்திய துப்பாக்கி நவம்பரில் பருத்த கோட்டின்மேல் ஓர் அங்குலம் நீளமாகிவிடும். கோட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போகச் சொல்வது அதற்காகத்தான், விற்பனையாளர் வேடிக்கை பார்த்தாலும் பரவாயில்லை.

ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், சாவேஜ் ஆக்ஸிஸ் காம்பாக்ட், மாஸ்பெர்க் பேட்ரியட்டின் சிறுவர் மாடல், இவை எல்லாம் விலை குறைந்த வரிசைகள், நம்பிச் சுடலாம். மாஸ்பெர்க்கில் கட்டைக்குள் ஒரு துண்டைச் செருகி, பிள்ளை வளர வளர ஓர் அங்குலம் நீட்டிக்கொள்ளலாம். நல்ல ரப்பர் மெத்தை வேண்டும். விசை மூன்று, நான்கு பவுண்டு இழுப்பில் விட வேண்டும். கனமான விசையை இழுக்கிற சின்னக் கை துப்பாக்கியையே பக்கவாட்டில் இழுத்துவிடும்.

வாங்குவதற்கு முன் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் நீட்டி நடுவில் சிறு துளை விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண் திறந்திருக்கும்போது விளக்கு துளைக்குள்ளேயே இருக்கிறதோ அதுவே முதன்மைக் கண். வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது கண் முதன்மையாக இருப்பது உண்டு. அப்படியானால் சின்ன வயதிலேயே இடது தோளில் சுடப் பழக்கி, இடது கைத் துப்பாக்கி வாங்கிவிடலாம். பெரியவனான பிறகு மாற்றுவது கடினம்.

ஸ்கோப்பில் முக்கியமான விஷயம்: கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. நான்கு அங்குலம் நல்லது. நீளமான துப்பாக்கியில் கழுத்தை நீட்டுகிற பிள்ளையின் புருவத்தில்தான் ஸ்கோப்பின் விளிம்பு வெட்டும். ஒருமுறை இரத்தம் பார்த்த பிள்ளைக்கு மறுபடி துப்பாக்கியைக் கொடுப்பது பெரும்பாடு. மூன்று முதல் ஒன்பது மடங்கு ஸ்கோப் என்றால் காட்டில் மூன்றிலேயே வையுங்கள். ஒன்பதில் வைத்தால் மானுக்குப் பதில் பழுப்பு மயிர் மட்டுமே தெரியும்.

குண்டு எதனால் ஆனது என்பதும் பிள்ளையின் உடம்பைப் பற்றிய கேள்விதான். ஈயக் குண்டு எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகளாக இறைச்சியில் பரவும். 2008-இல் வடக்கு டகோட்டா சுகாதாரத் துறை, ஏழைகளுக்காகக் கொடையாக வந்த அரைத்த மான்கறியில் ஈயம் இருப்பதைக் கண்டு, விநியோகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே நிறுத்திவிட்டது. இங்கே அப்படித் தடை இல்லை. ஆனால் அந்த மான்கறியை உண்ணப்போவது நம் பிள்ளைகள். முழுச் செம்புக் குண்டுகள் இப்போது .243-இலும் 7எம்எம்-08-இலும் தாராளமாகக் கிடைக்கின்றன. விலை கூடுதல். எடை குறைந்த செம்புக் குண்டும் எலும்பை உடைத்துக்கொண்டு ஆழமாகப் போகும், ஆகவே உதையும் கொஞ்சம் மிச்சம். சின்னக் கேலிபருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கிடக்கிற மான் குடலைத் தின்ன வருகிற வெண்தலைக் கழுகுகளுக்கும் அது நல்லது. பயிற்சிக்கு மலிவான தோட்டா, ஸ்கோப்பைச் சரிபார்க்கவும் வேட்டைக்கும் செம்பு என்று வைத்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

பயிற்சி பெரும்பாலும் .22-இல்தான். பிள்ளையின் மான் துப்பாக்கியை மேசையில் மணல்மூட்டை வைத்துச் சரிபார்க்கிற வேலையைப் பெரியவர் செய்யட்டும். மேசையில் குனிந்து சுடும்போது உடம்பு பின்னால் ஆட வழியில்லாமல் உதை முழுக்கத் தோளில் இறங்கும். பிள்ளை தரையில் உட்கார்ந்தோ தாங்கிக்கோல் வைத்தோ சுடட்டும். ஒரு நாளைக்கு மான் துப்பாக்கியில் ஏழெட்டு வேட்டுக்கு மேல் வேண்டாம். இன்னும் சுடுகிறேன் என்று பிள்ளையே கேட்கும்போது நிறுத்திவிட்டால் அடுத்த வாரம் ஆசையோடு வரும்.

செப்டம்பரில் ஒரு கட்டுக் காகிதத் தட்டு வாங்குங்கள், ஒன்பது அங்குலத் தட்டு. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் எட்டு முதல் பத்து அங்குலம். முதலில் ஐம்பது கஜத்தில் தட்டை ஒட்டி, பிள்ளை காட்டில் எப்படி உட்காருமோ அப்படியே உட்கார வைத்து, கோட்டும் கையுறையும் போட்டு, ஐந்து தோட்டா கொடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் இன்னொரு நாள் எழுபத்தைந்துக்குப் போங்கள், அப்புறம் நூறு. எந்தத் தூரத்தில் ஒன்று வெளியே போகிறதோ, அதற்கு முந்தின தூரம்தான் அந்த ஆண்டுக்குப் பிள்ளையின் எல்லை. தோட்டாப் பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். எழுபத்தைந்து என்று வந்தால் எழுபத்தைந்துதான். வேட்டையன்று விடியும் முன் மரமேடையில் ஏறி உட்கார்ந்து, வெளிச்சம் வந்ததும் ரேஞ்ச்ஃபைண்டரால் அந்தத் தூரத்தில் இருக்கிற மரங்களைப் பிள்ளையையே பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மரங்களுக்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்போடு மான் வந்து நின்றாலும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை என்பதை முந்தின நாள் இரவே வீட்டில் நீங்களும் பிள்ளையும் பேசி முடித்திருக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பிள்ளைகளை அழைத்து வந்திருப்பவர்கள் முன்னால் வரலாம், வகுப்பில் பயன்படுத்துகிற சுட முடியாத மாதிரித் துப்பாக்கியைக் கொண்டுவந்திருக்கிறேன், கை நீளத்தை இங்கேயே அளந்து பார்த்துவிடலாம்.